நாடகம் வீட்டுக்கு வரட்டும்

2015 செப்டம்பர். நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தின் பகல் காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணை அரசன் சவுக்கால் அடிக்கப்போகும் கட்டம். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு சிறுவனின் குரல் வீறிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சுற்றிலும் சலசலப்பு. பிள்ளையை ஏன் இங்கே அழைத்து வந்தாய் என்று அந்தத் தாயைச் சிலர் கடிந்துகொண்டார்கள். அவர் வெளியேறத்தான் தவித்துக்கொண்டிருந்தார்; மகன் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நகர மறுத்தான்.

அன்று மேடையில் நடித்துக்கொண்டிருந்த கெல்வின் மூன் லோ இதைப் பற்றி முகநூலில் எழுதினார். நாடகம் கெட்டுப்போனதே என்று அவர் வருந்தவில்லை. அந்தக் குடும்பம் அப்படி நடத்தப்பட்டதற்காக வருந்தினார். நாடகம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது, அந்தத் தாய் தைரியமாக மறுபடியும் வர வேண்டும் என்பது அவர் எழுதியதன் சாரம். பதிவு உலகெங்கும் பரவியது.

எனக்கு அந்த அலறல்தான் மனத்தில் நிற்கிறது. ஓங்கிய சவுக்கைக் கண்டு ஒருவன் அலறினான் என்றால் அவன் நாடகத்துக்குள் இருந்திருக்கிறான். கம்பியை விட மறுத்ததும் அதனால்தானோ என்னவோ. அவனுக்கு நாடகம் ஒத்துவராமல் போகவில்லை; அரங்கத்தின் கட்டுப்பாடுகள்தாம் ஒத்துவரவில்லை. நேரத்துக்கு வா, இருட்டில் உட்கார், அசையாதே, பேசாதே, எல்லோரும் கைதட்டும்போது தட்டு, முடியும்வரை எழுந்திருக்காதே. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் நாடகத்தில் எதுவும் குறைந்துவிடாது. இவை எதுவும் இல்லாத இடம் ஒன்று ஒவ்வொரு ஆட்டிச நிலையாளருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் வீடு. அரங்குக்குப் போக முடியாதவர்களுக்கு வீசப்படும் மிச்சமாக இல்லாமல், நாடகம் நிகழ்வதற்கு உகந்த இடமாகவே வீட்டைப் பார்க்க முடியும். அதற்கு மூளை எப்படி நாடகம் பார்க்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணும் காதும் கொண்டுவந்து கொட்டுவதை வாங்கிக்கொண்டு மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்த நொடி என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. சமையலறையில் மிக்ஸி ஜாரை வைக்கும் சத்தம் கேட்டாலே அடுத்து வரப்போகும் இரைச்சலுக்கு உடம்பு தயாராகிவிடும். அதனால் இரைச்சல் வந்தபோது தூக்கிவாரிப் போடுவதில்லை. ஜார் வைத்த சத்தம் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் திடீரென்று அதே மிக்ஸி ஓடினால் துள்ளிவிடுகிறோம். இரண்டு முறையும் இரைச்சலின் அளவு ஒன்றுதான். முந்தியதில் ஊகம் இருந்தது, பிந்தியதில் இல்லை.

இந்த ஊகம் பழைய அனுபவங்களின் சேமிப்பிலிருந்து பிறக்கிறது. ஆட்டிச நிலையாளர்களின் மூளை இந்தச் சேமிப்புக்குக் குறைந்த எடையும், இப்போது வந்துசேரும் புலன் சேதிக்குக் கூடுதல் எடையும் தருகிறது என்று 2012இல் லிஸ் பெலிக்கானோவும் டேவிட் பர்ரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். அப்படியானால் உலகம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் புதிதாக, வடிகட்டாமல், முழு வீச்சோடு வந்து மோதும். ஆட்டிசத்தின் எல்லாக் கூறுகளையும் இந்த ஒரு கருத்து விளக்கிவிடாது; ஆய்வாளர்களுக்குள் விவாதம் தொடர்கிறது. ஆனால் ஓர் அரங்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்க இது மிகவும் உதவுகிறது.

ஏனென்றால் மேடைக் கலையே எதிர்பாராததை வைத்துத்தான் பிழைக்கிறது. விளக்கு சட்டென்று அணைகிறது. இருட்டில் இடி இடிக்கிறது. இவ்வளவு நேரம் மெல்லப் பேசிய மனிதர் கத்துகிறார். கடைசியில் கைதட்டல் வருகிறது. நூற்றுக்கணக்கான கைகள், ஆளுக்கொரு தாளத்தில், எப்போது தொடங்கும் எப்போது அடங்கும் என்று சொல்ல முடியாதபடி. மற்றவர்களுக்கு அது பாராட்டு. ஊகத்துக்குப் பிடிகொடுக்காத ஒலியைத் தாங்க முடியாத ஒருவருக்கு நாடகத்தின் மிகக் கொடிய நிமிடம் அதுவாக இருக்கலாம்.

‘கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஷூலமைட் கிரீனும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இந்தப் பேச்சுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அவர்கள் ஆட்டிசம் உள்ள இளையோரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, போக்குவரத்து இரைச்சலைக் கேட்கச் செய்தார்கள். சொரசொரப்பான துணியால் தோலை உரசினார்கள். அச்சத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலாவும், புலன் சேதியை வாங்கும் மூளைப் பகுதிகளும் அவர்களிடம் கூடுதலாகக் கிளர்ந்தன. அதைவிட முக்கியம் அடுத்தது. அதே தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது மற்றவர்களின் மூளை அடங்கிவிடுகிறது. புலன் மிகையுணர்வு அதிகமாக இருந்த ஆட்டிச இளையோரிடம் அந்த அடக்கம் வரவில்லை. 2015இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, ஒரு பிள்ளையின் தோளை அழுத்தி உட்காரவைத்து ‘பழகு’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் என்றாலே சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது என்பது பாதி உண்மைதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, மிகையுணர்வு, குறையுணர்வு, புலன் இன்பத்தைத் தேடிப் போதல் மூன்றுமே அதில் இடம்பெற்றன. ஒருவர் காதைப் பொத்திக்கொள்வார். இன்னொருவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து அதிர்வை அனுபவிப்பார். ஒரே ஆள் காலையில் அப்படியும் மாலையில் இப்படியும் இருப்பதுண்டு. மேலும், ஒரே பார்வையில் மற்றவர்களைவிட அதிகத் தகவலை வாங்கும் கொள்ளளவு ஆட்டிச நிலையாளர்களுக்கு இருக்கிறது என்று லண்டனில் அன்னா ரெமிங்டன் நடத்திய சோதனைகள் காட்டுகின்றன. அரசனின் அங்கியில் ஒரு பொத்தான் மட்டும் நிறம் மாறியிருப்பதை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார். இவர்களுக்குச் சத்தத்தையும் ஒளியையும் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் நாடகம், அவர்களிடம் உள்ள இந்தச் செல்வத்தைத் தொடாமலே போய்விடுகிறது.

அரங்கங்கள் முயலாமல் இல்லை. 2011 அக்டோபர் 2 அன்று பிராட்வேயில் ‘தி லயன் கிங்’ ஆட்டிச நிலையாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே நடத்தப்பட்டது. பிராட்வேயில் அதுதான் முதல் தடவை. தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற அமைப்பு அந்தக் காட்சியின் எல்லா இருக்கைகளையும் வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. உரத்த ஒலிகள் தணிக்கப்பட்டன, வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்குகள் நீக்கப்பட்டன, வெளிக்கூடத்தில் அமைதியாக இருக்க இடம் ஒதுக்கப்பட்டது. பிரிட்டனில் இத்தகையவை ‘ரிலாக்ஸ்டு’ காட்சிகள் என்ற பெயரில் பரவின. எழுந்து நடக்கலாம், குரல் எழுப்பலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம், அரங்கில் விளக்கு முழுதாக அணையாது. நல்ல முயற்சிகள்தான். ஆனாலும் பல மாதம் ஓடும் நாடகத்தில் இவர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு காட்சிகள். அந்த நாளில் பிள்ளைக்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும், அங்கே போய்ச் சேரும் பயணத்தைத் தாங்க வேண்டும். பல குடும்பங்களுக்கு ரயில் நிலையத்திலேயே அன்றைய சக்தி தீர்ந்துவிடும்.

லண்டனில் ஆய்லி கார்ட் என்ற குழு வேறு திசையிலிருந்து வந்தது. 1981இல் டிம் வெப், கிளேர் டி லூன், மேக்ஸ் ரைன்ஹார்ட் மூவரும் தொடங்கியது. கைக்குழந்தைகளுக்கும், ஆழ்ந்த உடல் மனக் குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கும், ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்கும் நாடகம் செய்வது இவர்கள் வேலை. ஏற்கெனவே இருக்கும் நாடகத்தில் எதைக் குறைக்கலாம் என்று இவர்கள் யோசிக்கவில்லை. இந்தக் குழந்தைக்கு எந்தப் புலன் வழியாக இன்பம் போகிறது என்று பார்த்து அங்கிருந்து நாடகத்தைக் கட்டினார்கள். பயிற்சிக்கான வெந்நீர்க் குளத்துக்குள் ஒரு நாடகம் நடத்தினார்கள். ஆக்கம்ஸ் ரேஸர் என்ற அந்தரக் கலைக் குழுவோடு சேர்ந்து செய்த ‘சம்திங் இன் தி ஏர்’ நாடகத்தில் பார்வையாளர்களான குழந்தைகளைக் கூடு போன்ற இருக்கைகளில் மேலிருந்து தொங்கவிட்டார்கள். இருக்கைகள் மெல்ல ஆடின. நடிகர்கள் அவர்களைச் சுற்றி அந்தரத்தில் பறந்தார்கள்.

ஆட்டுவதில் என்ன நாடகம் என்று தோன்றலாம். நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றிலுள்ள திரவம் நகர்ந்து சொல்லும். பக்கத்திலேயே நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்த இரு பைகள். உடல் முன்னும் பின்னும் மேலும் கீழும் போவதை அவை சொல்லும். சீராக ஆடும்போது இந்த உறுப்புகள் அனுப்பும் சேதி அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்து என்ன என்று மூளை ஊகிக்கிறது, ஊகித்தது அப்படியே நடக்கிறது. நிச்சயமற்ற உலகத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தாயிற்று. அதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, எதிரே பறக்கும் மனிதனை இன்னும் கொஞ்சம் தைரியமாகப் பார்க்கும். எதிர்பாராதது இனிக்க வேண்டுமானால் அதைச் சுற்றிலும் எதிர்பார்த்தது நிறைய இருக்க வேண்டும். ஊஞ்சல் உள்ள வீட்டிலும் தூளி கட்டும் வீட்டிலும் ஆய்லி கார்ட்டின் பாதி மேடை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறது.

2020 மார்ச்சில் பிரிட்டனின் அரங்குகள் மூடப்பட்டபோது ஆய்லி கார்ட்டின் பார்வையாளர்களில் பலர் நோய்த்தொற்று பட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். இவர்களுக்கு நாடகத்தை ரத்து செய்ய மாட்டோம் என்று குழு முடிவெடுத்தது. இசைக் கலைஞர்கள் வீடுகளின் வாசலுக்கே போய்த் தெருவில் நின்று வாசித்தார்கள். இன்னொரு நாடகத்துக்கு நடிகர்களே போகவில்லை. தொட்டுப் பார்க்க, ஒளியைப் பார்க்க, ஒலியைக் கேட்க வேண்டிய பொருள்கள் பெட்டியில் வீடு தேடி வந்தன. குடும்பமே அதைத் திறந்து நாடகத்தை நிகழ்த்தியது. ‘ஸ்பேஸ் டு பி’ என்பது அதன் பெயர். எந்த வேகத்தில் போவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் குழந்தையின் கையில்.

அதே காலத்தில் நடிகை கெல்லி ஹன்ட்டர் தன் ஃப்ளூட் தியேட்டர் குழுவோடு ஷேக்ஸ்பியரின் ‘பெரிக்ளிஸ்’ நாடகத்தை ஜூம் வழியாக வீடுகளுக்குக் கொண்டுபோனார். ஒரு காட்சிக்கு ஒரே ஓர் ஆட்டிச நிலையாளர், உடன் அவர் குடும்பம். அவ்வளவுதான் பார்வையாளர் கூட்டம். அந்த ஒருவருக்காகப் பல நடிகர்கள்.

ஹன்ட்டரின் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நடிகர்களும் பங்கேற்பவர்களும் வட்டமாக உட்காருவார்கள். எடுத்த எடுப்பில் கதை கிடையாது. எல்லோரும் உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்து, இதயம் துடிக்கும் தாளத்தில் மெல்லத் தட்டிக்கொண்டு ‘ஹலோ’ சொல்வார்கள். ஒரு தட்டு மெதுவாக, அடுத்தது சற்று அழுத்தி. ஷேக்ஸ்பியரின் செய்யுள் நடையும் இதே மெது, அழுத்தம் என்றுதான் போகிறது. அதனால் நாடகத்தின் தாளம் வார்த்தைக்கு முன்பே உடம்புக்குள் போய்விடுகிறது. அவசரம் கிடையாது, எல்லோரும் சேரும்வரை தட்டுவார்கள். பிறகு விளையாட்டுகள். ஒரு நடிகர் தன் முகத்தில் கோபத்தைக் கொண்டுவந்து, கையால் அதை வழித்தெடுத்து, எதிரே இருப்பவர்மேல் வீசுவார். அவர் அதைப் பிடித்துத் தன் முகத்தில் பூசிக்கொள்வார். அடுத்தது மகிழ்ச்சி, அடுத்தது பயம். காதல் வரும் இடத்தில் கண்கள் ஸ்பிரிங் போலத் தெறித்து வெளியே பாய்வதாக ஒரு விளையாட்டு உண்டு. இப்படி ஆட்டத்துக்கு ஆட்டம் கதை நகரும். முடிவிலும் அதே நெஞ்சுத் தாளம். தொடக்கமும் முடிவும் ஒன்றே என்பதால், நாடகம் முடியப்போவதை யாரும் சொல்லாமலே உடம்பு அறிந்துகொள்ளும்.

பெரிக்ளிஸ் கதையைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடல் புயலில் மனைவியை இழந்து, மகளும் இறந்தாள் என்று நம்பி, யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போன அரசன் அவன். கடைசியில் மகள் மரினா அவன் எதிரே வந்து நிற்கிறாள். பேசாத மனிதனிடம் எப்படிச் சென்று சேர்வது என்பதுதான் அந்தக் காட்சி. வாய்ப்பேச்சு இல்லாத ஓர் இளைஞர் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தக் காட்சிக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

ஜூமில் சிக்கலும் உண்டு. உதட்டசைவும் ஒலியும் சில நூறு மில்லிநொடி தள்ளிப்போவது இணையத்தில் சகஜம். கண் பார்ப்பதையும் காது கேட்பதையும் ஒரே நிகழ்வாக ஒட்டவைக்கும் வேலையை மூளை நேரக் கணக்கை வைத்தே செய்கிறது. ரயன் ஸ்டீவன்சன், மார்க் வாலஸ் குழுவின் 2014 ஆய்வுப்படி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பேச்சில், இந்த நேரக் கணக்கு துல்லியமாக அமைவதில்லை. ஒலி தள்ளிப்போனால் அந்தச் சுமை இன்னும் ஏறும். அதனால் நேரலையில் நீளமான வசனத்தைவிடத் தட்டும் தாளமும் பெரிய சைகையும் நன்றாகப் போய்ச் சேர்வது இயல்பு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வீடு என்றதும் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம். குக்கர் விசில், அழைப்பு மணி, மேலே சுழலும் மின்விசிறி, எதிர்வீட்டு டிவி எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. பின்னணி இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்துக் கேட்பது ஆட்டிச நிலையாளர்கள் பலருக்குக் கடினம். நாடகம் போடும் அரைமணி நேரம் சமையலை முடித்துவிட்டு உட்காருவதும், மணியை அணைத்து வைப்பதும் பெரிய உதவி.

பதிவு செய்யப்பட்ட நாடகத்தைத் திரையில் காட்டுவதாக இருந்தால் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே முழுதும் பார்த்துவிட வேண்டும். எந்த நிமிடத்தில் இடி, எந்த நிமிடத்தில் கூட்டம் கைதட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். மேடைப் பதிவுகளில் கிசுகிசுப்புக்கும் முழக்கத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டி வைத்திருக்கும்போதுதான் முழக்கம் வந்து அறையும். 10 டெசிபெல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். பல டிவிகளில் ‘நைட் மோட்’ என்றோ அதுபோன்ற வேறு பெயரிலோ ஓர் அமைப்பு இருக்கிறது. அது உரத்ததைத் தணித்து மெல்லியதை உயர்த்தும். பலர் கவனிக்காமலே விட்டுவைக்கும் அந்தப் பொத்தான் இங்கே மருந்துபோல வேலை செய்யும். திரையின் அடியில் வசன எழுத்து ஓடினால் இன்னும் நல்லது. காது நழுவவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். லண்டன் நேஷனல் தியேட்டர் 2020 ஏப்ரலில் வீடுகளுக்கு ஒளிபரப்பத் தொடங்கிய நாடகங்களில் இந்த வசதி உண்டு. தமிழ் நாடகப் பதிவுகளில் இது அரிதாகவே இருக்கிறது. நம் குழுக்கள் இதை உடனே செய்யலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

வெளிச்சம் பற்றி ஒரு சொல். சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியாது, சிலரை அது வாட்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில் நாடகம் போடுவது எளிய வழி.

வீட்டார் சேர்ந்து தாங்களே நாடகம் போடுவதுதான் எனக்குப் பெருவிருப்பம். அதற்கு முந்தைய நாளே நாடகத்தைத் தொடங்கிவிட வேண்டும். கரோல் கிரே 1991 வாக்கில் உருவாக்கிய ‘சோஷியல் ஸ்டோரி’ முறை இங்கே உதவும். நடக்கப்போவதைப் படங்களோடு சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுவது அது. ‘நாளை மாலை கூடத்தில் நாடகம். தாத்தா புலியாக வருவார். புலி மூன்று தடவை உறுமும். உனக்கு வேண்டாம் என்றால் உள்ளறைக்குப் போகலாம். புலி முகமூடியைக் கழற்றும். பிறகு சாப்பாடு.’ கதை முன்பே தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். ராமாயணம் தெரிந்தவர்கள்தாம் காலங்காலமாக விடிய விடிய உட்கார்ந்து ராமாயணக் கூத்து பார்த்திருக்கிறார்கள்.

முகமூடியைக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திடீரென்று குதிக்கக் கூடாது. பிள்ளை பார்க்கப் பார்க்க, எதிரிலேயே உட்கார்ந்து மாட்டுங்கள். முதலில் பிள்ளையின் கையில் கொடுங்கள்; அது முகர்ந்து பார்க்கட்டும், விளிம்பைத் தடவட்டும், ஓட்டை வழியாக உங்களைப் பார்க்கட்டும். தாத்தாவின் முகம் பாதி மறைந்து, முழுதும் மறைந்து, உள்ளிருந்து தாத்தாவின் குரல் வந்து, அந்தக் குரல் மெல்லப் புலிக் குரலாக மாறுவது நாடகத்தின் மிக அழகான பகுதி. அரங்கத்தில் அதை ஒப்பனை அறைக்குள் ஒளித்துவிடுகிறோம். முகமூடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சதா அசையும் கண், புருவம், உதடு இத்தனையையும் ஒருசேரப் படிக்க வேண்டிய சுமை போய், மாறாத ஒரு முகம் மட்டும் எதிரே நிற்கிறது. மதுரையில் ‘வேள்வி’ அமைப்பை நடத்திய நாடகப் பேராசிரியர் பரசுராம் ராமமூர்த்தி ஆட்டிச நிலைக் குழந்தைகளோடு முகமூடிகளை வைத்தே நிறைய வேலை செய்திருக்கிறார். நம் ஊரில் இதற்கு முன்னோடி இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

இருக்கை என்று ஒன்று வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பார்க்கலாம், பக்கத்து அறைக் கதவிடுக்கு வழியாகப் பார்க்கலாம், முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் பார்க்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஓரக்கண்ணால் பார்ப்பது பலருக்கு வசதி. கையை உதறினால், முனகினால், குதித்தால் தடுக்க வேண்டாம். ஸ்டீவன் காப் முதலானோர் 2019இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, பொங்கி வரும் உணர்ச்சியையும் புலன் நெருக்கடியையும் சமாளிக்க இந்த அசைவுகள் உதவுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். மகிழ்ச்சி தாங்காமலும் கை உதறும். நடிப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் எது?

பிடித்துப்போனால் அதே நாடகத்தை மறுநாளும் கேட்பார்கள், அதற்கு மறுநாளும். அலுத்துக்கொள்ளாமல் போடுங்கள். ஆட்டிச மனம் பல இடங்களில் சிதறாமல் ஓரிடத்தில் ஆழமாகக் குவிகிறது என்று டைனா மரேவும் நண்பர்களும் 2005இல் விளக்கினார்கள். அந்த ஆழத்துக்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வழி. பத்தாவது முறை புலி மூன்றுக்குப் பதில் நான்கு தடவை உறுமினால் சிரிப்பு வெடிக்கலாம். முதல் முறையே அதைச் செய்திருந்தால் அழுகை வந்திருக்கும். நிறுத்தும்போது மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது. எப்போதும் ஒரே பாட்டு, அல்லது ஒரே கைத்தாளம், முடிவுக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

முடிந்ததும் ‘புலி ஏன் அழுதது, சொல்லு பார்ப்போம்’ என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பிள்ளைகளின் நாள் முழுக்கப் பயிற்சியால் நிறைந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி. நாடகத்தையும் இன்னொரு பயிற்சியாக்கி அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ளக் கூடாது. நாடகத்தால் பேச்சும் பழக்கமும் மேம்படுகின்றனவா என்று பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, நடக்கட்டும். மற்ற பிள்ளைகள் சினிமாவுக்குப் போய்வந்தால் என்ன கற்றாய் என்று யாரும் கேட்பதில்லையே.

புரிதல் குறைவு என்று நாம் சொல்வது அவர்கள் பக்கம் மட்டும் இருப்பதும் அல்ல. தானும் ஆட்டிச நிலையாளரான டேமியன் மில்டன் 2012இல் இதை அழுத்திச் சொன்னார்: இரு வேறு மாதிரி மனிதர்கள் சந்திக்கும்போது இருவருக்குமே மற்றவர் புரிவதில்லை. 2020இல் கேத்தரின் கிராம்டனும் எடின்பரோவைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் 8 பேர் கொண்ட வரிசைகளில் ஒருவர் காதில் ஒருவராகக் கதை கடத்தச் செய்து பார்த்தார்கள். ஆட்டிச நிலையாளர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. ஆகவே இந்த நாடகங்களை எழுதவும் இயக்கவும் ஆட்டிச நிலையாளர்களே வர வேண்டும். வீட்டிலும் அப்படித்தான், புலி வேண்டாம், மின்விசிறி பற்றி நாடகம் போடு என்று பிள்ளை சொன்னால் அதன் இறக்கைகளுக்கு வசனம் எழுதுங்கள்.

2021இல் உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவர் ஆட்டிச நிலையில் இருந்தார் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர். முப்பது வயது மகனுக்கு, நாற்பது வயது தங்கைக்கு இன்னும் முயலும் ஆமையும் பொம்மலாட்டம் காட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அவர்கள் விரும்பிக் கேட்டால் தாராளமாகக் காட்டலாம். கேட்காதபோது, அவர் வயதுக்கு உரிய கதையைக் கொண்டுவாருங்கள். துரோகம், காதல், கொலை, கடன் தொல்லை எல்லாம் அதில் இருக்கட்டும். என்ன வரப்போகிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள், ஒலியை அவர் சொல்லும் அளவில் வையுங்கள், நிறுத்தும் பொத்தானை அவர் கையில் கொடுங்கள்.